வண்டி கேள்வி பதில்: அத்தான் கொண்டுவரும் சாட்டிலைட் டப்பா

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று போன இதழில் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் இன்ஜினைப் பற்றிக் கேட்டவர்களைவிடப் பாட்டுப் பெட்டியைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். அதிலும் குமரி மாவட்டத்துக் கடிதங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன, அதனால் அவற்றை மட்டும் இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. திருவனந்தபுரத்துக்காரர் ஒருவரிடமிருந்து 2014 மாடல் கார் வாங்கியிருக்கிறேன். கம்பெனி ஸ்டீரியோ அப்படியே இருக்கிறது, எஃப்.எம்., ஏ.எம்., சிடி, யூஎஸ்பி, போன் ஒயரைச் செருகுகிற ஆக்ஸ் எல்லாம் வேலை செய்கிறது. அக்காவும் அத்தானும் அமெரிக்காவில் டாலஸில் இருக்கிறார்கள். அத்தான் வண்டியில் சிரியஸ்எக்ஸ்எம் என்று சாட்டிலைட் ரேடியோ இருக்கிறதாம், எத்தனை மைல் ஓட்டினாலும் ஸ்டேஷன் விடுபடாதாம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது டியூனர் டப்பாவும் காந்த ஆன்டெனாவும் வாங்கி வருகிறேன் என்கிறார். என் ஸ்டீரியோவிலேயே மாட்ட முடியுமா, செட்டையே மாற்ற வேண்டுமா?
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: அத்தானிடம் இன்றைக்கே பேசி, அந்தப் பணத்துக்கு வேறு ஏதாவது வாங்கி வரச் சொல்லிவிடுங்கள். டப்பாவை மாட்டலாம், விளக்குகூட எரியும், ஆனால் பாட்டு வராது. செட்டை மாற்றினாலும் வராது.

முதல் காரணம், அந்த சாட்டிலைட்டுகள் நம் வானத்தில் இல்லை. சிரியஸ், எக்ஸ்எம் என்று தனித்தனியாக இருந்த இரண்டு நிறுவனங்கள் 2008-இல் ஒன்றாகச் சேர்ந்ததுதான் இன்றைய சிரியஸ்எக்ஸ்எம். அமெரிக்காவையும் கனடாவையும் குறிவைத்துத்தான் அவர்கள் ஒலிபரப்புகிறார்கள். (எக்ஸ்எம்காரர்கள் தங்கள் முதல் இரண்டு சாட்டிலைட்டுகளுக்கு ராக், ரோல் என்று பெயர் வைத்திருந்தார்கள், குசும்புக்காரர்கள்.) அவர்களுடைய புவிநிலை சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ மேற்கு 85 பாகையிலும் 115 பாகையிலும் நிற்கின்றன. நாம் இருப்பது கிழக்கு 77 பாகையைத் தாண்டி. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவை நமக்குக் கிட்டத்தட்ட பூமியின் அடுத்த பக்கத்தில், காலுக்குக் கீழே இருக்கின்றன. நடுவில் உலகமே நிற்கும்போது எவ்வளவு விலையுயர்ந்த ஆன்டெனா வைத்தும் பயனில்லை.

இரண்டாவது காரணம்தான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. அவர்கள் ஒலிபரப்பும் அலைவரிசை 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரை. இந்தியாவில் 2300 முதல் 2400 வரையிலான அலைவரிசையில் ஜியோவும் ஏர்டெல்லும் 4ஜி இணையம் ஓட்டுகிறார்கள். அங்கே அத்தானுக்குப் பாட்டு கொண்டுவருகிற அதே அலைவரிசை இங்கே உங்கள் செல்போனுக்கு இணையத்தைக் கொண்டுவருகிறது, ஆகவே உங்களுக்குப் பாட்டு வர வேண்டிய வழியும் செல்போன்தான்.

மூன்றாவது, டப்பாவை வாங்கி மாட்டினால் மட்டும் அங்கேயும் பாடாது. ஒவ்வொரு டியூனருக்கும் ஒரு ரேடியோ ஐடி உண்டு, சேனல் 0-க்குப் போனால் அது திரையில் தெரியும், அந்த எண்ணைக் கொடுத்து சந்தா கட்டினால்தான் சாட்டிலைட் வழியாகவே பூட்டைத் திறந்துவிடுவார்கள். அங்கே பழைய கார் வாங்குபவர்கள் செய்கிற வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், அத்தானோடு பேசும்போது உதவும். கம்பெனி ஸ்டீரியோவிலேயே சாட்டிலைட் வசதி இருந்தால் சந்தாவை மட்டும் புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் டேஷ்போர்டில் ஒட்டிவைக்கிற சின்ன ரிசீவரை வாங்கி ஆக்ஸ் வழியாகச் செருகிக்கொள்வார்கள். செலவு பண்ணத் தயாராக இருப்பவர்கள் செட்டை மாற்றி, அதற்குப் பின்னால் ஒரு டியூனர் பெட்டியை ஒளித்துவைத்து, கூரையில் காந்த ஆன்டெனா ஒட்டுவார்கள். அந்த ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் தெரிய வேண்டும்; உயரமான கட்டடங்கள் மறைக்கிற நகரங்களில் தரையிலேயே துணை டிரான்ஸ்மிட்டர்கள் வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஆளே இல்லாத நெடுஞ்சாலை இருக்கிற நாட்டுக்கு இதெல்லாம் தேவைதான். களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழிவரை மொத்தமே ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அதற்குள் எத்தனை ஊர், எத்தனை செல்போன் டவர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சரி, உங்கள் ஸ்டீரியோவை என்ன செய்யலாம்? ஆக்ஸ் இருக்கிறது என்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. ஆக்ஸில் செருகுகிற புளூடூத் ரிசீவர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதை மாட்டினால் செல்போனில் பாடுவது ஸ்டீரியோவில் வரும். ஆகாசவாணியின் நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் நாடு முழுவதும் இருக்கிற இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் கிடைக்கின்றன, அதற்குச் சந்தா கிடையாது. டேட்டா போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஓடுகிற வானொலி ஒரு மணி நேரத்துக்கு 30 எம்பிக்குள்தான் தின்னும், 128 என்றால் 60-க்குள். கொஞ்ச நேரம் ரீல்ஸ் பார்த்தால் போகிற டேட்டாவில் ஒரு பயணமே முடிந்துவிடும்.

புளூடூத் ரிசீவரைக் காரின் சார்ஜரிலேயே செருகி, ஆக்ஸ் ஒயரையும் மாட்டினால் சில வண்டிகளில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் கூடிக்கொண்டே போகும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வழியாக இன்னொரு எர்த் என்று இரண்டு பாதை உண்டாகி, வண்டிக்குக் கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டரின் சத்தம் உள்ளே நுழைகிறது. ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்கிற சின்னக் குப்பி ஒன்றைப் போட்டால் நின்றுவிடும். அல்லது உள்ளேயே பேட்டரி உள்ள ரிசீவராக வாங்கி, ஓட்டும்போது சார்ஜில் போடாமல் விடுங்கள்.

செட்டையே மாற்ற ஆசை இருந்தால் மாற்றுங்கள், அது உங்கள் விருப்பம், ஆனால் சாட்டிலைட்டுக்காக மாற்றாதீர்கள். டச் ஸ்கிரீன், ரிவர்ஸ் கேமரா, போனை ஸ்கிரீனில் காட்டுவது, இதற்கெல்லாம் மாற்றுவது நியாயம். செட்டின் அளவுகளில் டபுள் டின் என்பது 180 மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் உயரம். சிங்கிள் டின்னுக்கு உயரம் பாதி. உங்கள் டேஷ்போர்டில் இருப்பது எந்தச் சதுரத்திலும் அடங்காமல் வளைந்து நெளிந்து போகிற கம்பெனி டிசைன் என்றால், அதே மாடலுக்கான ஃபிரேமும் சேர்த்து வாங்க வேண்டும்.

கடையில் நீங்கள் பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டியது ஒயரைத்தான். வண்டியின் ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு மாடலுக்கும் கப்ளர் கிடைக்கிறது, ஒரு பக்கம் வண்டியிலும் மறுபக்கம் செட்டிலும் செருகினால் முடிந்தது, நாளைக்கு வண்டியை விற்கும்போது பழைய செட்டைத் திருப்பி மாட்டவும் வசதி. வெளியில் விற்கும் செட்டுகளில் வழக்கமாக மஞ்சள் ஒயர் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வாங்கும், சிவப்பு சாவி போட்டால் மட்டும், கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், நீங்கள் சேமித்த ஸ்டேஷன்கள் ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் அழிந்துபோகும். இரண்டையும் சேர்த்துப் பேட்டரியிலேயே கொடுத்துவிடுகிற மகான்களும் உண்டு, அப்படிச் செய்தால் வண்டி சும்மா நிற்கும்போதே பேட்டரி இறங்கிக்கொண்டிருக்கும். இந்த நிறக் கணக்கு புதுச் செட்டுக்குத்தான், வண்டியின் சொந்த ஒயருக்குப் பொருந்தாது. வண்டியின் ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டீயரிங் பக்கத்தில் மஞ்சள் உறை போட்ட ஒயரோ மஞ்சள் கப்ளரோ தெரிந்தால் அது ஏர்பேக்குடையது. அதில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

கேள்வி: ஐயா, முன்பு வேர்ல்டுஸ்பேஸ் என்று ஒரு சாட்டிலைட் ரேடியோ வந்ததே, அந்த ரிசீவர் எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. மகன் பழைய கார் வாங்கியிருக்கிறான். அதை அவன் காரில் இணைத்தால் மீண்டும் கர்நாடக இசை கேட்கலாமா?
– கோட்டாறு, ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: அதை நினைவு வைத்திருக்கிற ஒருவர் எழுதியதே சந்தோஷம் ஐயா. கேட்க முடியாது. இந்தியாவில் அந்தச் சேவை 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அமெரிக்காவிலிருந்த தாய் நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே திவால் மனு கொடுத்திருந்தது.

மார்த்தாண்டம் தம்பிக்குச் சொன்ன காரணம் இதற்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் வானத்தில் சாட்டிலைட் நிற்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, ஆசியாஸ்டார் 2000 மார்ச்சில் ஏவப்பட்டு, கிழக்கு 105 பாகையில், நமக்கு நன்றாகத் தெரிகிற உயரத்தில் நின்றது. ஏ.ஆர்.ரகுமான் விளம்பரத் தூதர். ஸ்ருதி என்று கர்நாடக இசைக்கே தனி சேனல், தமிழுக்குக் கேஎல் ரேடியோ. உலகம் முழுக்க அவர்களுக்கிருந்த சந்தாதாரர்களில் பெரும்பகுதி இந்தியர்கள்தான், அப்படியும் நிலைக்கவில்லை.

காரைப் பொறுத்தவரை அது இயங்கிய காலத்திலேயே இங்கே சரிப்பட்டு வரவில்லை. அந்த ஆன்டெனாவைக் கிழக்கு வானத்தைப் பார்த்துத் திருப்பி, ஜன்னலோரமோ மொட்டை மாடியிலோ அசையாமல் வைக்க வேண்டும், நடுவில் ஒரு தென்னை ஓலை வந்தால்கூடப் பாட்டு போய்விடும். ஓடுகிற வண்டியில் வேலை செய்ய வேண்டுமென்றால் அமெரிக்காவில் இருப்பதுபோல ஊருக்கு ஊர் தரை டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்க வேண்டும், அது இங்கே நடக்கவில்லை. என்னைக் கேட்டால், அந்த நிறுவனம் இந்தியாவில் தோற்றதற்கு இது ஒரு பெரிய காரணம். வீட்டில் டிவி இருக்கும்போது காசு கொடுத்து ரேடியோ கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான், காருக்குள் என்றால் கதை வேறாக இருந்திருக்கும்.

ரிசீவரைத் தூக்கி எறிய வேண்டாம். ஆரம்பகால மாடல்களில் எஃப்.எம்., மத்திய அலை, சிற்றலை எல்லாம் சேர்ந்தே இருந்தன, உங்களுடையது அந்த வகை என்றால் வீட்டில் சாதாரண ரேடியோவாகப் பாடும். கர்நாடக இசை கேட்க, மேலே சொன்ன நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் ஆகாசவாணியின் ராகம் என்ற சாஸ்திரிய இசைச் சேனல் இருக்கிறது, மகனிடம் சொல்லி அவர் செல்போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய காரில் கம்பெனி செட்டை மாற்றி ஆண்ட்ராய்டு செட் போட்டோம். படம் நன்றாக இருக்கிறது, பாட்டும் சத்தமாக இருக்கிறது, ஆனால் முன்பு தெளிவாக வந்த நாகர்கோவில் எஃப்.எம். இப்போது தக்கலையிலேயே இரைகிறது. இந்த செட்டில் ரேடியோ இவ்வளவுதான் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் விட்டுவிடச் சொல்கிறார், எனக்கு மனசு வரவில்லை.
– தக்கலை வாசகி

பதில்: விடாதீர்கள் அம்மா. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்று 1984 அக்டோபர் 30-இல் தொடங்கியது அது. உள்ளூர் வானொலி என்ற யோசனையையே ஆகாசவாணி நாகர்கோவிலில்தான் முதலில் போட்டுப் பார்த்தது. அது பக்கத்து ஊரில் கேட்கவில்லை என்றால் தப்பு காருக்குள்தான்.

பத்தில் எட்டு வண்டிகளில் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது, ஆனால் எண்ணிப் பார்த்தவன் இல்லை, அதனால் பெரும்பாலும் என்று வைத்துக்கொள்வோம்: காரணம் நீல ஒயர். இப்போதைய கார்களில் பழைய ஆள் உயர ஏரியல் கிடையாது, கூரையில் குட்டையாக ஒரு கம்பி, அல்லது பின் கண்ணாடியிலேயே கோடு கோடாக ஒட்டிய ஆன்டெனா. குட்டை ஆன்டெனா பிடிக்கிற சிக்னல் குறைவு என்பதால் அதன் அடியிலேயே ஒரு சின்ன பூஸ்டர் வைத்திருப்பார்கள், அந்த பூஸ்டருக்கு 12 வோல்ட் வேண்டும், கம்பெனி செட் அதைத் தானாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. புதுச் செட்டில் அதற்கென்று நீல ஒயர் வெளியே வரும், அதை இணைக்காமல் விட்டுவிட்டால் பூஸ்டர் தூங்கிவிடும். சும்மா இருக்கிற பூஸ்டர் சிக்னலைக் கூட்டாது என்பது மட்டுமில்லை, வருகிற சிக்னலையும் குறைத்துவிடும். சில ஐரோப்பியக் கம்பெனி கார்களில் ஆன்டெனா ஒயர் வழியாகவே அந்தக் கரண்டைக் கொடுப்பார்கள், அதற்குத் தனியாக ஒரு அடாப்டர் உண்டு. கடைக்காரரிடம் போய் 'ஆன்டெனா பூஸ்டருக்கு நீல ஒயர் கொடுத்திருக்கிறீர்களா' என்று இந்த ஒரு வரியை மட்டும் கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அது சரியாக இருந்தும் இரைந்தால், அப்புறம் பார்க்க வேண்டியது டேஷ்கேமும் மலிவு யூஎஸ்பி சார்ஜரும். இரண்டையும் பிடுங்கிவிட்டு ரேடியோவைப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார், நல்ல சார்ஜராக மாற்றிக்கொள்ளுங்கள், டேஷ்கேம் ஒயரை ஆன்டெனா ஒயரிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள்.

கடைசியாக உப்பு. குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் நின்ற வண்டிகளில் ஆன்டெனாவின் அடிப்பகுதியைக் கழற்றினால் திருகில் வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு பிடித்திருக்கும். ஆன்டெனாவுக்கு எர்த் கூரைத் தகடு வழியாகத்தான் வருகிறது, களிம்பு அதைத் தடுக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் வாஷரை மாற்றிப் போட்டால் போதும். அந்த வாஷர் கிழிந்திருந்தால் மழைத் தண்ணீர் கூரைத் துணிக்குள் இறங்கும் என்பது கூடுதல் தகவல்.

கேள்வி: சித்தப்பா மகன் ஒருத்தன் ஜப்பான் செட் ஒன்று கொண்டுவந்து தந்தான், புதுசு மாதிரி இருக்கிறது, சத்தம் அருமை. மாட்டியும் ஆச்சு. ஆனால் எஃப்.எம். 90-க்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது. சாஃப்ட்வேர் போட்டால் சரியாகுமா?
– குளச்சல்

பதில்: ஆகாது. ஜப்பானில் எஃப்.எம். 76-இல் தொடங்குகிறது, பல காலமாக 90 வரைதான் இருந்தது, பிறகுதான் 95 வரை நீட்டினார்கள். நமக்கு 88 முதல் 108. நாகர்கோவில் 101 அந்தச் செட்டின் உலகத்திலேயே இல்லை. பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று ஒரு குப்பி விற்கிறார்கள், ஆன்டெனா ஒயரில் போட்டால் நம் ஸ்டேஷன்களைக் கீழே இறக்கிக் காட்டும். பாடும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஸ்டீரியோவும் கெட்டு, எந்த நம்பரில் எது என்று கணக்குப் போட்டே அலுத்துவிடும். நல்ல சத்தம் வருகிறது என்கிறீர்களே, ரேடியோவை மறந்துவிட்டு ஆக்ஸில் போன் போட்டுக் கேளுங்கள்.

அமெரிக்கச் செட் கொண்டுவருகிறவர்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அங்கே எஃப்.எம். ஸ்டேஷன்கள் 100.9, 101.1, 101.3 என்று ஒற்றைப்படையில் தாவும், அதனால் நாகர்கோவிலின் 101.0-இல் முள் நிற்காது, முன்னால் அல்லது பின்னால் நின்று கரகரக்கும். ஏ.எம்.மிலும் அங்கே 10 கிலோஹெர்ட்ஸ் தாவல், இங்கே 9, ஆக திருநெல்வேலியின் 1197-ஐத் தேடினால் 1200-இல் போய் நிற்கும். நல்ல கம்பெனி செட் என்றால் மெனுவில் ஏரியா அல்லது டியூனர் ஸ்டெப் என்று ஓர் இடம் இருக்கும், ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றினால் சரியாகிவிடும். வாங்குவதற்கு முன்னால் அந்த மெனு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: என் காரில் யூஎஸ்பி உண்டு, ஆனால் பாட்டு பாடாது, சார்ஜ் மட்டும்தான். ஆக்ஸும் கிடையாது. சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். நாகர்கோவிலில் நன்றாகப் பாடுகிறது, களியக்காவிளை நெருங்க நெருங்க மலையாளம் உள்ளே வந்துவிடுகிறது.
– வடசேரி

பதில்: வரத்தான் செய்யும். திருவனந்தபுரத்து ஸ்டேஷன்கள் மேற்கே போகப் போகப் பலமாகும். நாகர்கோவிலில் காலியாக இருக்கிற இடம் குழித்துறையில் காலி இல்லை. டிரான்ஸ்மிட்டரின் சிக்னல் நோஞ்சான், டேஷ்போர்டிலிருந்து கூரைக்குப் போவதே அதற்குப் பெரிய பயணம், நிஜ ஸ்டேஷன் ஒன்று வந்தால் ஒதுங்கிவிடும். இரண்டு அலைவரிசைகளைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று கிழக்குப் பக்கத்துக்கு, ஒன்று மேற்குப் பக்கத்துக்கு. மேற்குக்கானதைக் களியக்காவிளையில் வண்டியை நிறுத்தி, வெறும் இரைச்சல் மட்டும் கேட்கிற இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், 88-க்குப் பக்கத்தில் முதலில் தேடிப் பாருங்கள். 101-க்கும் அனந்தபுரியின் 101.9-க்கும் கிட்டவே போகாதீர்கள்.

கேள்வி: நான் வாங்கிய பழைய காரின் ஸ்டீரியோவில் டிஆர்எம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதுதான் சாட்டிலைட் ரேடியோ என்கிறான் நண்பன். பந்தயம் கட்டியிருக்கிறோம்.
– சுங்கான்கடை கல்லூரி மாணவர்

பதில்: நண்பர் தோற்றார். டிஆர்எம் என்பது டிஜிட்டல் ரேடியோ, ஆனால் தரையிலிருக்கிற டிரான்ஸ்மிட்டரிலிருந்தே வருகிறது, சாட்டிலைட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மத்திய அலையிலேயே இரைச்சல் இல்லாமல் டிஜிட்டலாக அனுப்புவதற்கு ஆகாசவாணி நாடு முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை வைத்தது, கார் கம்பெனிகள் சிலவும் அதை நம்பிச் செட்டிலேயே அந்த வசதியைக் கொடுத்தன. சந்தா கிடையாது. ராத்திரி நேரத்தில் பொத்தானை அழுத்தித் தேடவிட்டுப் பாருங்கள், மத்திய அலை இரவில் தூரம் போகும், என்ன அகப்படுகிறது என்று பார்ப்பதே ஒரு பொழுதுபோக்குதான்.

கேள்வி: பேச்சிப்பாறைக்கு மேலே எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறேன். போன் சிக்னலும் கிடையாது, எஃப்.எம்.மும் மலை மறைத்துவிடுகிறது. சாட்டிலைட் என்றால் மலையிலும் வருமே, ஏதாவது வழி இருக்கிறதா சார்?
– குலசேகரம்

பதில்: இந்தக் கடிதங்களிலேயே சாட்டிலைட் ரேடியோ உண்மையாகத் தேவைப்படுகிற ஆள் நீங்கள்தான், உங்களுக்கும் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் ஆகாசவாணி சேனல்கள் சாட்டிலைட்டிலிருந்தே வருகின்றன, காசும் கிடையாது, ஆனால் அந்தக் குடை ஒரே திசையில் அசையாமல் நிற்க வேண்டும், ஜீப்பின் மேல் வைத்து ஓட்ட முடியாது. எஸ்டேட் குடியிருப்பில் வைத்துக் கேட்கலாம். வண்டிக்குப் பென்டிரைவ்தான். எம்பி3 பாட்டுகள், பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்கட்டும், பழைய செட்டுகளில் பல வேறு முறையைப் படிக்காது. படிக்கவில்லை என்றால் செட் ரிப்பேர் என்று முடிவு கட்டுவதற்குள் 32 ஜிபிக்குக் குறைவான வேறு ஒன்றைச் செருகிப் பாருங்கள்.

கேள்வி: காருக்குத்தான் சாட்டிலைட் வராது என்கிறீர்கள். வள்ளத்துக்கு? கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே போன் செத்துவிடுகிறது.
– தூத்தூர்

பதில்: பாட்டுக்கு வராது, எச்சரிக்கைக்கு வரும். ஐதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ், 2019-இல் ஜெமினி என்று ஒரு கருவியை அறிமுகப்படுத்தியது. நம் ககன் சாட்டிலைட் வழியாகப் புயல், உயர்ந்த அலை, மீன் கிடைக்கக்கூடிய பகுதி ஆகிய செய்திகளை வாங்கி, புளூடூத் மூலம் செல்போனுக்குக் கொடுக்கும். செல்போன் டவர் தேவையில்லை. ஒருவழிதான், நீங்கள் அதன் மூலம் பதில் பேச முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஓகி வந்தபோது கடலுக்குள் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்பதை உங்கள் ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீன்வளத் துறை அலுவலகத்தில் ஜெமினி என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

கேள்வி: பழைய கார், புது பேட்டரி. மாற்றியதும் ஸ்டீரியோ 'கோட்' என்று கேட்கிறது. ஏதோ நம்பர் போட்டுப் பார்த்தேன், இப்போது பூட்டிக்கொண்டது.
– இரணியல்

பதில்: இனி நம்பர் போடாதீர்கள், தப்பாகப் போடப் போடப் பூட்டு நீளும். சில கம்பெனி செட்டுகளில் திருட்டுப் பயத்துக்காக வைத்தது அது, பேட்டரி கழன்றால் நான்கைந்து இலக்கக் கோட் கேட்கும். வண்டியின் கையேட்டுக்குள் சின்ன அட்டையாக இருக்கும், டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒட்டியும் வைத்திருப்பார்கள். விற்றவருக்கு ஒரு போன் போட்டு அட்டை வீட்டில் கிடக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஆர்.சி. புத்தகத்தோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், செட்டின் சீரியல் நம்பரை வைத்து எடுத்துத் தருவார்கள். கிடைத்ததும் ஒரு போட்டோ எடுத்து வீட்டில் இருக்கும் யாருக்காவது அனுப்பிவையுங்கள், அடுத்த பேட்டரிக்குத் தேவைப்படும்.